மண் பரிசோதனை: துளை போடுவதா, அலையை அளப்பதா?

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கமாக ஒரு கிரவுண்ட் மனை. ஸ்டில்ட் (கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் தூண்களோடு விடுவது) வைத்து நாலு மாடி கட்டவேண்டும். மண் பரிசோதனைக்கு மூன்று வழி சொல்வார்கள்: பக்கத்து மனையின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்வது, துளை போட்டு, அடித்து இறக்கி மண்ணின் கெட்டியைப் பார்க்கும் எஸ்.பி.டி. எடுப்பது, 'மாஸ்வ்' எனும் அதிர்வலைச் சோதனை.

முதல் வழி வேண்டவே வேண்டாம். ஒரே தெருவில் ஒரு மனை இயற்கை மணலாகவும், அடுத்தது பழைய குட்டையை மூடிய மேடாகவும் இருக்கலாம்.

சென்னையில் நிலநடுக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவு நடுக்கம் வந்தது. 2002-இல் வந்த நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. அதே 2001 ஜனவரியில் நடுங்கியது குஜராத்தின் புஜ் பகுதி. 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அகமதாபாத்தின் ஆற்றுப்படுகை மண்ணில் ஸ்டில்ட் வைத்த அடுக்குமாடிகள் விழுந்தன.

எஸ்.பி.டி.யில் முக்காலி நட்டு, துளைக்குள் நுனியில் குழாய் மாட்டிய கம்பியை இறக்கி, அதன் தலையில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். கம்பியில் சாக்கட்டியால் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று பாகம் குறித்திருக்கும். முதல் பாகத்தின் அடி கணக்கில் வராது. மற்ற இரண்டின் கூட்டல்தான் 'என்' மதிப்பு. நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கினால் குழம்பாகிவிடும். அதனால்தான் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, மூன்றாம் மண்டலத்தில் 5 மீட்டர் ஆழம் வரை 15, 10 மீட்டரிலும் அதற்குக் கீழும் 25 என 'என்' மதிப்பு கேட்கிறது. குறைந்தால் மணலை இறுக்கவேண்டும், இல்லையென்றால் பைல் (ஆழமாக இறங்கும் தூண் அஸ்திவாரம்) போடவேண்டும். எஸ்.பி.டி.யின் பலவீனம் ஆள்தான். சுத்தியலைப் பாதி உயரத்திலிருந்து விட்டால் அடி எண்ணிக்கை கூடி, தளர்ந்த மண்ணும் கெட்டி மண்ணாகக் காகிதத்தில் ஏறிவிடும். எண்ணும் நேரத்தில் நீங்களோ உங்கள் இன்ஜினியரோ பக்கத்தில் நில்லுங்கள்.

மாஸ்வில் தோண்டும் வேலை இல்லை. தரையில் வரிசையாக ஜியோபோன் எனும் அதிர்வு உணரிகளை ஊன்றி, இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்து, அலை ஓடும் வேகத்திலிருந்து மண்ணின் விறைப்பைக் கணிப்பார்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மூடிய பள்ளத்தையும் இது காட்டிக்கொடுக்கும். ஏக்கர் கணக்கில் இடம் இருந்தால் கட்டாயம் செய்யலாம். ஆனால் பார்க்கும் ஆழம் வரிசை நீளத்தில் ஏறக்குறைய பாதிதான். 60 அடி மனையில் 9 மீட்டருக்குக் கீழே எதையும் நம்பிச் சொல்ல முடியாது. கைக்கு மண்ணும் வராது. வேளச்சேரி, பள்ளிக்கரணை களிமண்ணில் பயமே வேறு, கட்டடம் வருஷக்கணக்கில் மெல்ல அமுங்குவது. அதைக் கணக்கிடக் கலையாத மண் மாதிரி வேண்டும். அது துளையிலிருந்துதான் வரும்.

ஆகவே ஒரு கிரவுண்டுக்கு என் ஓட்டு எஸ்.பி.டி.க்கே. துளை போட்ட மறுநாள் காலையில் நீர்மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் அளந்திருந்தால், ஐப்பசி மழையில் நீர் ஏறும் மட்டத்தை வைத்தே குழம்பும் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.