பி.டி.30-ஆ, பி.டி.40-ஆ? புதிய பட்டறைக்கு மில்லிங் மெஷின் தேர்வு

புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் கேட்லாக்கைக் கையில் எடுத்ததும் டேபிள் அளவையும் அதிகபட்ச ஆர்.பி.எம்.மையும்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலின் (டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) டார்க் வரைபடம், அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு முறுக்கு விசை கிடைக்கும் என்பது. பி.டி. எண் என்பது டூல் ஹோல்டர் ஸ்பிண்டிலில் உட்காரும் கூம்பின் (டேப்பர்) அளவு. பி.டி.30 டிரில்-டேப் மெஷினா (துளையிடவும் மரை போடவும் ஏற்ற சின்ன மெஷின்), பி.டி.40 வி.எம்.சி.யா (செங்குத்து மெஷினிங் சென்டர்) என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்டீல் பிளாக், 63 மி.மீ. ஃபேஸ் மில், 5 இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுப் பல்). வெட்டு வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் சுமார் 1,010 ஆர்.பி.எம்.மில் ஓடும். பல்லுக்கு 0.15 மி.மீ. ஃபீட், 2 மி.மீ. ஆழம், 45 மி.மீ. அகலம் கொடுத்தால் நிமிடத்துக்கு 68 கன செ.மீ. உலோகம் கழியும். இதற்குத் தேவை ஏறத்தாழ 2.3 கிலோவாட், 22 நியூட்டன் மீட்டர் டார்க். இன்செர்ட் மழுங்க மழுங்க இது ஏறும். பவரை மட்டும் பார்த்தால் 5.5 கிலோவாட் பி.டி.30 மெஷினே போதும் போலத் தெரியும். ஆனால் அந்த மோட்டார் முழு பவரை 3,000 ஆர்.பி.எம்.மில்தான் எட்டும் என்றால், கிடைக்கும் டார்க் 17.5 மட்டுமே, ஸ்பிண்டில் திணறி நின்றுவிடும். 7.5 கிலோவாட்டை 1,500 ஆர்.பி.எம்.மிலேயே எட்டும் பி.டி.40 ஸ்பிண்டில் சுமார் 48 தரும். கேட்லாக்கில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 30 நிமிட ரேட்டிங், அதாவது அரை மணி நேரம் மட்டும் தாங்கும் பவர். கணக்குக்கு எடுக்க வேண்டியது நிற்காமல் ஓடும்போது கிடைக்கும் தொடர் ரேட்டிங்.

அலுமினியத்தில் நிலைமை தலைகீழ். 12 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லை 400 மீட்டரில் ஓட்ட 10,600 ஆர்.பி.எம். வேண்டும். சின்ன ஜாப், நிறைய துளை, நிறைய டேப் என்றால் வெட்டும் நேரத்தைவிட டூல் மாறும் நேரமும் நகரும் நேரமும்தான் சைக்கிளைத் தின்னும். அங்கே பி.டி.30-ஐ அடிக்க முடியாது. ஆனால் டேப்பரின் வாய் விட்டம் 31.75 மி.மீ. தான், பி.டி.40-இல் 44.45. நீளமான போரிங் பார் மாட்டினால் இந்த வித்தியாசம் சாட்டராக, அதாவது வெட்டும்போது வரும் அதிர்வாகத் தெரியும். வேலை அலுமினியம் மட்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் பி.டி.30. எந்த ஜாப் வரும் என்று தெரியாத பட்டறைக்கு, தயங்காமல் பி.டி.40.

அடுத்தது, ஆக்சிஸ் நகரும் பாதை லீனியர் கைடா (ரெயிலில் உருளும் வகை), பாக்ஸ் வேயா (பரப்பின் மேல் சறுக்கும் வகை) என்பது. பாக்ஸ் வே அதிர்வை நன்றாக உள்வாங்கும். விட்டுவிட்டு வெட்டும் கனமான ஸ்டீல் வேலையில் இன்செர்ட் நீடித்து உழைக்கும். ஆனால் ரேபிட் (வெட்டாமல் நகரும் வேகம்) குறைவு. வே ஆயில் கூலண்ட்டில் கலந்து நாற்றமெடுக்கும். ஆக்சிஸ் திசை மாறும் இடத்தில் ஒட்டி நழுவுவதால், வட்டமாக மில் செய்த போரில் நான்கு முனைகளில் கோடு விழலாம். சறுக்குப் பரப்பின் இடைவெளியைச் சரிக்கட்டும் ஜிப்பையும் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். லீனியர் கைடு வேகமானது, ஆனால் பலமாக மோதினால் ரெயிலில் குழி விழும். அது ஃபினிஷில் தெரிந்துகொண்டே இருக்கும். டை பிளாக்குகளே முக்கிய வேலை என்றால் பாக்ஸ் வே. மற்றவர்களுக்கு ரோலர் வகை லீனியர் கைடு. பால் வகையைவிட அது விறைப்பானது.

பலர் கோட்டை விடுவது இசட் உயரத்தில். ஸ்பிண்டில் மூக்கு டேபிளுக்கு 150 மி.மீ. வரைதான் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. தடிமன் பிளேட்டை நேராக டேபிளில் கட்டி, 100 மி.மீ. நீளும் டூல் போட்டால் 10 மி.மீ. எட்டாது. அடியில் பேரலல் (உயரம் கூட்டும் கட்டை) வைத்தே ஆக வேண்டும். நான்காவது ஆக்சிஸ் (ஜாப்பைச் சுழற்றும் அச்சு) என்றாவது வேண்டியிருக்கும் என்றால் டிரைவையும் வயரிங்கையும் ஆர்டரிலேயே கேளுங்கள்.

பழைய மெஷின் என்றால் டேப்பருக்குள் விளக்கடித்துப் பாருங்கள். பழுப்புத் திட்டுகள் இருந்தால் டூலை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வாஷர்கள் தளர்ந்திருக்கக்கூடும். இழுவிசையை அளக்காமல் விலை பேச வேண்டாம். புதிதோ பழையதோ, பணம் கட்டும் முன் உங்கள் ஜாப்பிலேயே கனமான வெட்டு எதுவோ அதை 20 நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு 100 மி.மீ. வட்டம் ஒன்றை மில் செய்யச் சொல்லி, நான்கு முனைகளிலும் நகத்தால் தடவிப் பாருங்கள்.