நாலு மாத ‘ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப்’ பயிற்சி: ஐந்துக்கு இரண்டரை

விலை 14,999 ரூபாய். 2024 நவம்பரில் சேர்ந்தேன், 2025 பிப்ரவரியில் முடிந்தது. ஆன்லைன் வகுப்பு, வாரத்துக்கு நாலு நாள், ராத்திரி 8 முதல் 10. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ரீஃபண்டு விஷயமாக இன்னும் மெயில் போய்வந்துகொண்டிருக்கிறது, அதனால் வம்பு வேண்டாம். பெயர் தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை. யூடியூபில் பங்குச்சந்தை பற்றி ஒரு வீடியோ பாருங்கள், நடுவில் வரும் விளம்பரம் பாதி இந்த மாதிரிப் பயிற்சிக்குத்தான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது.

எனக்கு வீடு நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம். குன்னூரில் பி.காம். மூன்றாம் வருடம். நாலு செமஸ்டருக்கு 9.1. ப்ளஸ் டூவில் அக்கவுண்டன்சி நூற்றுக்கு நூறு. பெருமைக்குச் சொல்லவில்லை, புகாருக்குச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த வருடம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை 187 இடத்துக்கு இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் போட்டு (எக்செல்லில் கணக்கு வைத்திருக்கிறேன்), பதில் வந்தது ஒன்பது. எட்டு ‘மன்னிக்கவும்’. ஒன்பதாவது ஆள் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் ஜிபே பண்ணச் சொன்னார்.

பெரிய கம்பெனி விண்ணப்பத்தில் ‘கல்லூரி’ என்று ஒரு கட்டம் வரும். தட்டினால் பட்டியல் விரியும். ஐஐஎம்கள், டெல்லிக் கல்லூரிகள், பம்பாய்க் கல்லூரிகள், சென்னையில் இரண்டு மூன்று. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ‘மற்றவை’. நூற்றுச் சொச்சம் தடவை நான் ‘மற்றவை’யைத் தட்டியிருக்கிறேன். அதற்கடுத்த கட்டத்தில்தான் மார்க் கேட்பார்கள். அதற்குள் என்னைச் சலித்துக் கீழே போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இந்த நேரத்தில்தான் விளம்பரம் வந்தது. ‘இன்டர்ன்ஷிப் உறுதி, இல்லையென்றால் பணம் வாபஸ்.’ அப்பா கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடுகிறார். தீபாவளி போனஸ் அப்போதுதான் வந்திருந்தது. "இதுல சேந்தா வேலை கெடச்சிருமா பாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "இன்டர்ன்ஷிப் கெடைக்கும்பா" என்றேன். அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எக்செல் மாடலிங் வகுப்பு முதல் தரம். எங்கள் பாடத்திட்டத்தில் நிதி மேலாண்மைத் தாள் இருக்கிறது. மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவு, நிகர நிகழ்கால மதிப்பு எல்லாம் கணக்காகப் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் எல்லாக் கணக்கிலும் பணவரவைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். நிஜக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, அந்த வரவை நாமே தேடி எடுக்கும் வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. இங்கே சொல்லித்தந்தார்கள். லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), பணப்புழக்க அறிக்கை மூன்றையும் கோத்து, ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மூன்றும் சேர்ந்து அசைய வேண்டும். ஐந்தொகை இரண்டு பக்கமும் ஒத்துப்போன அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை மணி, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், சொல்ல ஆளில்லை.

டிசிஎஃப் என்று கம்பெனியின் மதிப்பைக் கணிக்கும் ஒரு முறை. அதைப் போடும்போது இன்னொன்று புரிந்தது. வருங்காலப் பணவரவையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவருகிறோம் இல்லையா, அதில் வரப்போகும் ஐந்து வருடத்துக்கு மெனக்கெட்டு நான் போட்ட கணிப்பைவிட, அதற்கப்புறம் என்று ஒரே வரியில் போடுகிற டெர்மினல் வேல்யூ மொத்தத்தில் பாதிக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படிக் கழிக்கும் தள்ளுபடி விகிதத்தை ஒரு சதவீதம் அசைத்தால் பங்கின் மதிப்பு எங்கேயோ போய்விடுகிறது. இவ்வளவு ஆட்டம் காணும் சமாச்சாரத்தையா டிவியில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அடித்துச் சொல்கிறார்கள் என்றிருந்தது. இந்தப் பகுதிக்கு மட்டும் 5,000 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம்.

மீதி பத்தாயிரம்தான் பிரச்சினை.

புராஜெக்டுக்கு ஒரு கம்பெனி எடுக்கச் சொன்னார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வங்கி, ஐடி. நான் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு தேயிலைக் கம்பெனி எடுத்தேன். எங்களுக்குத் தெரிந்த சரக்கு. ஆண்டறிக்கையில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது: தேயிலைச் செடி கட்டடம், இயந்திரத்தோடு சேர்ந்து நிலைச்சொத்தில் இருக்கிறது. அதே செடியில் பறிக்காமல் நிற்கும் கொழுந்து, உயிரியல் சொத்து என்று தனி வரியில், நியாய மதிப்பில். இந்திய கணக்கியல் தரம் 16-ம் 41-ம் இப்படிப் பிரித்திருக்கின்றன. அப்பாவிடம் சொன்னேன். "செடிக்கு ஒரு கணக்கு, கொழுந்துக்கு ஒரு கணக்கா? மழை பேஞ்சா எந்தக் கணக்குல ஏத்துவாங்க?" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி தப்பில்லை. வரியும் அப்படித்தான். சொந்தத் தோட்டத்து இலையை அரைத்துத் தூளாக்கி விற்றால் வருமானத்தில் 40 சதவீதம் வியாபாரம், 60 சதவீதம் விவசாயம் என்று வருமான வரி விதி பிரிக்கிறது. இதையெல்லாம் மாடலில் ஏற்றினேன். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை அரைத்தால்தான் ஒரு கிலோ தூள், குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் சிறு விவசாயிக்கான பச்சை இலைக்குச் சராசரி விலை சொல்கிறது என்பதையும் எழுதினேன்.

மென்டார் என்று பம்பாயிலிருந்து ஒருவரைக் கொடுத்திருந்தார்கள். நாலு மாதத்தில் மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிடம். என் ரெஸ்யூமில் அந்தத் தேயிலை வரியைத்தான் அவர் முதலில் அடித்தார். ‘கிராமத்து வாசனை’ வருகிறதாம். அந்த இடத்தில் அவர்களுடைய டெம்ப்ளேட் வாக்கியத்தைப் போடச் சொன்னார். கவர் லெட்டரும் டெம்ப்ளேட்தான். ‘மூலதனச் சந்தையின் மீது தீராத ஆர்வம் கொண்ட’ என்று ஆரம்பிக்கும். அதை அப்படியே கோவையில் ஒரு தரகு நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது, பாராட்டாமல் இருக்க முடியவில்லை: ‘இதே கடிதம் இந்த வாரம் எங்களுக்கு வருவது நான்காவது முறை. பெயர் மட்டும் மாறியிருக்கிறது.’ எங்கள் பேட்ச்சில் 140 பேர். நான்கோடு நின்றதே ஆச்சரியம்.

மாதிரி நேர்காணல் நடந்தது ஒரு டிசம்பர் சாயங்காலம். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் இரண்டு கோடு நிற்கும். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு, கழுத்துக்கு மேல் பிளேசர், கீழே கம்பளி பேன்ட். "டிசிஎஃப் எப்படிப் போடுவீர்கள், விளக்குங்கள்" என்றார் நேர்காணல் எடுத்தவர். நான் டெர்மினல் வேல்யூவுக்கு வரும்போது பள்ளத்திலிருந்து ஏறிய பனி கண்ணாடியை மூடிவிட்டது, நெட்டும் போயிற்று. திரும்ப இணைந்தபோது அவர் அடுத்த பையனிடம் பேசிக்கொண்டிருந்தார். அறிக்கையில் ‘தன்னம்பிக்கை போதாது: 4/10’ என்று வந்தது. என் தன்னம்பிக்கை அல்ல, டவர்.

‘உறுதி’ என்றார்களே, அதற்கு வருகிறேன். பிப்ரவரியில் எனக்கு இன்டர்ன்ஷிப் கொடுத்தார்கள்தான். எங்கே? அவர்களிடமே. பதவி ‘நிதி ஆலோசனைப் பயிற்சியாளர்’. வேலை, இதே பயிற்சியை மற்ற மாணவர்களிடம் போனில் விற்பது. ஆள் ஒன்றுக்கு 700 ரூபாய் கமிஷன். வேண்டாமென்றேன். வேண்டாமென்றதால் ‘வாய்ப்பை மறுத்தவர்’ ஆகிவிட்டேன், பணம் வாபஸ் கிடையாதாம். மேலும் வருகை 90 சதவீதம் இருக்க வேண்டுமாம், எனக்கு 84. நவம்பர் மழையில் எங்கள் பக்கம் மரம் விழுந்து இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போவதை எந்த விதிமுறையில் எழுதுவது? கட்டுவதற்கு முன்னால் ரீஃபண்டு நிபந்தனைப் பக்கத்தைத் தேடி வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை, அது என் தப்பு. இதில் அரை மதிப்பெண்ணை என் பேரில் குறைத்துக்கொள்கிறேன்.

ஜனவரியிலேயே டெம்ப்ளேட்டைத் தூக்கிப்போட்டு, தேயிலை வரியைத் திரும்பச் சேர்த்து அனுப்பத் தொடங்கியிருந்தேன். கோவையில் வேறொரு சிறிய முதலீட்டு ஆலோசனை அலுவலகம் கூப்பிட்டது. அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் பச்சை இலை விலையைப் பற்றியே பேசினோம். பேசியவருக்கு உண்மையிலேயே ஆர்வம், பென்சிலால் குறித்துக்கொண்டார். கடைசியில் "ஆறு மாதம் முழுநேரம் வர முடியுமா?" என்றார். காலேஜ் இருக்கிறது, முடியாது. அவ்வளவுதான். ஆக, தேயிலை வரி போட்டதால் கதவு திறந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தையும் பார்த்தேன். 2024 அக்டோபரில் தொடங்கியது, அப்போது மாதம் 5,000. ஆனால் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்றார்கள், வயது வரம்பும் அப்போது 21 முதல் 24. டிகிரி முடித்து வீட்டில் இருக்கும் அக்கா அண்ணன்கள் பாருங்கள். இன்னொன்று, 15,000 ரூபாய் கையில் இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் எடுத்து என்ஐஎஸ்எம் (பங்குச்சந்தைத் துறைக்கான தேசியப் பயிற்சி நிறுவனம்) தேர்வு ஒன்று எழுதலாம். பங்கு ஆராய்ச்சி ஆய்வாளருக்கான சீரிஸ் 15, நான் எழுதியபோது கட்டணம் 1,500-ம் ஜிஎஸ்டியும். 60 எடுத்தால் பாஸ், தப்பு விடைக்கு மார்க் கழியும். கோவை போய் எழுதினேன், 71. அந்தச் சான்றிதழைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டார்கள். பயிற்சி நிறுவனம் கொடுத்த தங்க ஓரம் போட்ட சான்றிதழைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மத்தியானத்துக்கு மேல் போகிறேன். ரெஸ்யூம் பிரின்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடை அக்காதான் "மேல மாடில ஆள் கேட்டாங்க, போய்ப் பாரு கண்ணு" என்றார். 187 விண்ணப்பத்துக்கு நான் கொடுத்த உழைப்பை நினைத்தால் கடுப்பாகத்தான் இருக்கிறது. இது சிஏ மாணவர்கள் ஆடிட்டரிடம் செய்யும் ஆர்ட்டிகல்ஷிப் பயிற்சி அல்ல, அதற்கு சிஏ இன்டர் பாஸாக வேண்டும். சும்மா உதவியாள், மாதம் 3,500. ஒவ்வொரு மாதமும் 14-ந்தேதி 2பி (சரக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் அதை வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவோடு ஒட்டிப்பார்ப்பது என் வேலை. முதல் மாதம் ஒரு பேக்கரிக்கு 11,340 ரூபாய் உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டி) இடிக்கிறது. இரண்டு நாள் தேடினேன். மைதா சப்ளையரின் பில் எண்ணில் அவர்கள் சாய்கோடு போட்டிருக்கிறார்கள், பேக்கரிக்காரர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் சிறுகோடு போட்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு பில். ஆடிட்டர் சாரிடம் காட்டினேன். "ஏம்மா, இதுக்கா ரெண்டு நாளு?" என்றார். அடுத்த மாதம் எக்செல்லில் கோடுகளையெல்லாம் முதலில் நீக்கிவிட்டு ஒப்பிட ஒரு ஃபார்முலா எழுதினேன், நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அந்த ஃபார்முலா பயிற்சியில் கற்றதுதான். அதனால்தான் இரண்டரை, இல்லாவிட்டால் ஒன்று.

போன வாரம் பயிற்சி நிறுவனத்திலிருந்து போன். ‘அட்வான்ஸ்டு’ பயிற்சியாம், 24,999, பழைய மாணவி என்பதால் எனக்கு 19,999. பேசிய பெண்ணின் குரல் என் பேட்ச்சில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. "700 தானே கமிஷன்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இப்ப 500 ஆக்கிட்டாங்க" என்றாள். அன்றைக்கு 20-ந்தேதி, 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.