அரசியல் அலமாரிக்காகவே போகலாம், ஏணி மட்டும் ஜாக்கிரதை

திருவல்லிக்கேணியில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்யூனிஸ்ட் புத்தகங்களை யோசித்துப் பிரித்து வைத்திருக்கும் கடை என்று நான் பார்த்தது இது ஒன்றுதான். மற்ற இடங்களில் 'அரசியல்' என்று ஒரே குவியல், லெனின் மேல் ஒரு சினிமா நடிகர் வரலாறு, அதற்கும் கீழே டி.என்.பி.எஸ்.சி. கைடு. ஊரில் பெயர் பெற்ற பெரிய கடை ஒன்றில் நக்சல்பாரி (1967இல் உழவர் எழுச்சி வெடித்த மேற்கு வங்கக் கிராமம்) பற்றிய எல்லாவற்றையும், எதிர்த்து எழுதியதையும் சேர்த்து, 'தீவிரவாதம்' என்ற பலகைக்குக் கீழே அடுக்கியிருந்தார்கள். கேட்டால் "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் இருக்கு" என்று பதில்.

இங்கே கடைக்காரரே அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார். இடது கம்யூனிஸ்ட், வலது கம்யூனிஸ்ட் என்ற பேச்சே கிடையாது. அறுபதுகளிலிருந்து நம் ஊர்ப் பத்திரிகைகளும் தேர்தல் மேடைகளும் அப்படித்தான் சொல்லிவந்தன, ஆனால் 'நான் வலது கம்யூனிஸ்ட்' என்று எந்தத் தோழராவது தன்னைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அது எதிராளி வைத்த பெயர். சரி, அவரவர் சொல்லிக்கொள்ளும் பெயரையே போட்டுவிடலாம் என்றால் அதிலும் சிக்கல், எல்லாரும் மார்க்சிய லெனினியவாதிகள், அடுத்தவன்தான் திருத்தல்வாதி, அதாவது மார்க்சியத்தைத் திரித்தவன். 1964இல் கட்சி பிளந்தபோது இரண்டு தரப்பும் தங்கள் மாநாட்டை 'ஏழாவது மாநாடு' என்றே எண்ணிட்டன, ஒன்று அக்டோபர் கடைசியில் கல்கத்தாவில் தொடங்கியது (மேடைகளில் 'இடது' எனப்பட்ட, இன்றைய மார்க்சிஸ்ட் கட்சி), இன்னொன்று டிசம்பரில் பம்பாயில் ('வலது' எனப்பட்ட சி.பி.ஐ.). இந்த அலமாரியில் இருக்கும் அட்டைகள்: '1964க்கு முன்', '1964 கல்கத்தா', '1964 பம்பாய்'. அவ்வளவுதான். யார் வெளியேறினார்கள், யார் உண்மையான வாரிசு என்ற வழக்கில் அட்டை மூக்கை நுழைக்கவில்லை. (கல்கத்தா தட்டு வலது கைப் பக்கம் இருக்கிறது. தற்செயல்தான் என்கிறார்.)

சோவியத் கட்சியும் சீனக் கட்சியும் முறைத்துக்கொண்ட காலத்தில் புழங்கிய 'மாஸ்கோ சார்பு', 'பீக்கிங் சார்பு' என்றும் அவர் போடவில்லை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கேட்க ஏதோ நிலப்படம் மாதிரி நடுநிலையாகத் தோன்றும், உண்மையில் 'உன் எஜமான் யார்' என்று சொல்லிக்காட்டுகிற பெயர் அது. தவிர, தகவலாகவும் தேறாது. 1967 ஜூலையில் சீனக் கட்சியின் பத்திரிகை நக்சல்பாரியை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று கொண்டாடியது, அடுத்த மாதமே மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு நம் மதுரையில் கூடி, சீனக் கட்சியோடு தனக்குள்ள வேறுபாடுகளைத் தீர்மானமாகவே போட்டது. அப்புறம் அவர்களை எந்தக் கணக்கில் பீக்கிங் சார்பு என்பது?

அடுத்த தட்டு '1969 ஏப்ரல்', அதாவது நக்சல்பாரி வழியில் போனவர்களின் எம்.எல். (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) கட்சி உருவான மாதம். அதிலிருந்து கிளைத்த குழுக்கள் பலவும் அதே கட்சிப் பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டவை என்பதால், அந்தச் சொல்லை மட்டும் எடுத்து 'லிபரேஷன்', 'மக்கள் யுத்தம்' என்று சின்னத் துண்டுச்சீட்டு செருகியிருக்கிறார். 'மாவோயிஸ்ட்' என்ற சீட்டு, மக்கள் யுத்தமும் இன்னொரு குழுவும் சேர்ந்து அந்தப் பெயரில் ஒரே கட்சியான 2004 இணைப்புக்குப் பிந்தையவற்றுக்கு மட்டும். சரிதான், எம்.எல். கட்சியின் முதல் தலைவர் சாரு மஜூம்தார் காலத்தில் அவர்கள் சொன்னது 'மாவோ சேதுங் சிந்தனை', அதைப் பின்னால் வந்த பெயரால் அழைத்தால் புத்தகம் தேடுகிறவன்தான் குழம்புவான்.

சறுக்கியது இலங்கைத் தட்டில். 'ட்ராட்ஸ்கியவாதிகள்' என்று போடாமல் 'நான்காம் அகிலம்' (ஸ்டாலினை எதிர்த்த ட்ராட்ஸ்கி தொடங்கிய உலக அமைப்பு) என்று எழுதியது நல்ல யோசனை, ஆனால் அதில் இருந்த இலங்கையின் லங்கா சமசமாஜக் கட்சியின் புத்தகம் அத்தனையையும் அதற்குள் திணித்துவிட்டார். 1964இல் சிறிமாவோ அரசில் சேர்ந்து என்.எம். பெரேரா நிதியமைச்சர் ஆனதுமே அகிலம் அவர்களை வெளியேற்றிவிட்டது. போதாக்குறைக்கு மாவோ பக்கம் நின்ற இலங்கைக் கம்யூனிஸ்ட் நா. சண்முகதாசனும் அதே தட்டில். சொன்னேன். பென்சிலால் '1964 வரை' என்று அட்டையில் சேர்த்துக்கொண்டார், புத்தகங்கள் மட்டும் அசையவில்லை. கிராம்ஷியை 'மேற்கத்திய மார்க்சியம்' என்று தத்துவப் பேராசிரியர்களோடு உட்கார வைத்ததும் எனக்கு ஒப்பவில்லை, மனிதர் இத்தாலியக் கட்சியின் தலைவராக இருந்து சிறைக்குப் போனவர்.

விலை சுமார். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்களுக்கு இப்போது எல்லாரும் பழம்பொருள் விலை சொல்கிறார்கள், இவரும் சொல்கிறார், இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் இறங்கி வருவார். துண்டுப்பிரசுரங்கள் உச்சித் தட்டில், ஏணி ஆடும், டார்ச் கொண்டுபோங்கள். ஜிபே உண்டு. நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், இலங்கைத் தட்டைச் சரிசெய்தால் ஐந்தாவதும் உண்டு.