புது பேட்டரி சூடாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் (380 மலேசிய வெள்ளி போச்சு)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைப் பெயர் கேட்டு யாரும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். பெயரைப் போட்டால் நாளைக்கு வக்கீல் கடிதம் வரும், அதற்கும் நான்தான் அழ வேண்டும். கெடாவில் பாடாங் செராய்ப் பக்கம் கைபேசி பழுது பார்க்கும் ஒரு கடை. முன்னால் கவரும் கண்ணாடியும் தொங்கும், பின்னால் ஒரு மேசை, மேலே வெள்ளை விளக்கு. இந்த மாதிரிக் கடைகள் நம் வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன, எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. நான் போனது மட்டும் கெட்டது. பாதுகாப்பாகச் சார்ஜ் போடுவது எப்படி என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன், அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

380 வெள்ளி. பேட்டரிக்கு 230, சார்ஜருக்கு 110, சூட்டை இழுக்கும் ஸ்டிக்கர் என்று ஒன்று, அதற்கு 40. லைனிங் வைத்த ரவிக்கைக்கு நான் 40 வெள்ளி வாங்குகிறேன், ஆக ஒன்பது ரவிக்கையும் பத்தாவதில் பாதியும் அந்தக் கடைக்காகத் தைத்திருக்கிறேன் என்று கணக்கு. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது.

என் மேலும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. போன் வாங்கி மூன்று வருடம். தையல் அறைக்குத் தகரக் கூரை, மதியம் இரண்டு மணிக்கு உள்ளே உட்கார்ந்தால் மண்டை வேகும். அந்த அறையில் துணிக்குவியல் மேல் போனைப் போட்டு, பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றுவேன். ராத்திரி பாட்டுப் போட்டுத் தலையணைக்கு அடியில், அதுவும் சார்ஜில்தான். ஆப்பிள், சாம்சங் இரண்டுமே 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில்தான் போனைப் பயன்படுத்தச் சொல்கின்றன என்று இப்போதுதான் படித்தேன். என் தையல் அறைக்கு இதை யார் போய்ச் சொல்வது? லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி, சூட்டிலேயே கிடந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். என்னுடையதும் தேய்ந்தது. காலையில் நூறு விழுக்காடு இருந்தால் மதியம் பதினைந்துதான். அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

இனி நம்பிய கதை. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கடையில் ஒரு தம்பி, முப்பது வயதுக்குள் இருக்கும், நெற்றியில் திருநீறு. போனைக் கையில் வாங்கியவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க பழைய தோட்டத்துத் தையல்காரம்மா மகதானே? எங்கம்மா கல்யாண ரவிக்கை உங்கம்மா தைச்சதுதான், இன்னும் பெட்டியில வெச்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, ஆளுக்கொரு தாமான் குடியிருப்பாகச் சிதறிய பிறகு அம்மாவின் பெயரைச் சொல்லும் ஆளே குறைந்துவிட்டது. பக்கத்துக் கடையிலிருந்து தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) வேறு வாங்கிக் கொடுத்தார். விலை கேட்கவே கூச்சமாகிவிட்டது.

போனை என் கண்ணெதிரிலேயே திறந்தார். கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு, பஞ்சில் ஏதோ தடவி, டாக்டர் மாதிரி. பழைய பேட்டரியை எடுத்துக் காட்டி, "இது 5000 எம்ஏஎச், அக்கா. நான் போடப் போறது 7000, அதே சைஸ், இரண்டு நாள் நிக்கும்" என்றார். எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு. அதே சைஸில் எப்படி 7000 என்று ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இரண்டு மீட்டர் துணியில் மூன்று மீட்டர் பாவாடை தைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். பேட்டரி என்றதும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். பழையதைப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டு வாங்கினேன். என்னத்துக்கோ கேட்டேன், அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

அப்புறம் சார்ஜர். பழைய சார்ஜர் புது பேட்டரிக்குச் சேராதாம், 65 வாட் வேகச் சார்ஜர் வேண்டுமாம், 110. கவருக்கு உள்ளே ஒட்ட ஒரு தங்க நிற ஸ்டிக்கர், சூட்டை இழுத்துக்கொள்ளுமாம், 40. மொத்தம் 380. கியூஆர் காட்டினார், தட்டினேன். கடைப் பெயருக்குப் பதில் ஏதோ தனி ஆள் பெயர் வந்தது, அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு "நமக்குள்ள எதுக்குக்கா ரசீது" என்று சிரித்து, விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் 'பேட்டரி 3 மாதம்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். நமக்குள்ள! எனக்கும் அவருக்கும் நடுவில் என் அம்மா தைத்த ஒரு ரவிக்கைதான் இருக்கிறது.

முதல் ராத்திரியே சூடு. கொஞ்சநஞ்சம் இல்லை, கவரைக் கழற்றினால் தோசைக்கல் மாதிரி. மறுநாள் போனேன். "புது பேட்டரி சூடாத்தான் இருக்கும் அக்கா, செட் ஆகணும். மூணு ராத்திரி எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டு, முழுசா காலி பண்ணிட்டு மறுபடி போடுங்க" என்றார். செய்தேன். இந்த எட்டு மணி நேரக் கணக்கெல்லாம் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு, லித்தியம் பேட்டரியைத் தொழிற்சாலையிலேயே பழக்கித்தான் வெளியே விடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லப்போனால், சூடாகிற பேட்டரியை மூன்று ராத்திரி என் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார் அந்தத் தம்பி.

இரண்டாவது தடவை போனபோது தே ஓ ஐஸ் கிடையாது. "உங்க வீட்டு வயரிங் சரியில்லக்கா, பழைய வீடுன்னா கரண்ட் அப்படித்தான்" என்றார். என் தையல் இயந்திரமும் ஃபிரிட்ஜும் அதே கரண்டில்தான் பத்து வருடமாக ஓடுகின்றன. மூன்றாவது தடவை கடையில் வேறு பையன், "அண்ணன் பினாங்கு போயிருக்காரு." புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கும்பிடும் கை ஒன்று வந்தது. 380 வெள்ளிக்கு ஒரு கும்பிடு.

பதினோராவது நாள். ராத்திரி ஒன்பதரை மணி, ஒரு பட்டு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி ஓர் இனிப்பு நெடி. முதலில் துணியில் ஏதோ கொட்டிவிட்டது என்றுதான் தேடினேன். அப்புறம் பார்த்தால், மேசை மேல் சார்ஜில் இருந்த போனின் திரை ஒரு பக்கம் பூரி மாதிரி எழும்பி நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று ஒரு சத்தம், கண்ணாடியில் மூலைக்கு மூலை கோடு. கீழே எட்டு பேருடைய பட்டுத்துணி. என் வீட்டுக்காரர் ஓடிவந்து சுவரில் சுவிட்சை அணைத்தார், போனை முறத்தில் தள்ளி வாசலுக்குக் கொண்டுபோய் ரோஜாத் தொட்டி மண்ணில் வைத்தார். கூலிமில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "அமுக்காதே, குத்தாதே, தள்ளி நில்லு" என்று கத்தினார். நல்லவேளை, திரையை அமுக்கி மூடலாமா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தீப்பிடிக்கவில்லை. அன்று ராத்திரி யாரும் தூங்கவும் இல்லை.

மறுநாள் போனையும் பழைய பேட்டரி இருந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணியில் அந்தக் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனோம். ஒரு மலாய்த் தம்பி. பார்த்த உடனே "பஹாயா நி, கக்" (இது ஆபத்து, அக்கா) என்று போனைக் கையுறை போட்டு வாங்கினார். சூட்டிலும் அதிக மின்னழுத்தத்திலும் பேட்டரிக்கு உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயுவாக மாறும், பேட்டரியின் பை ஊதும், போனுக்குள் ஊத இடம் இல்லாததால் திரையைத் தூக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு இரண்டு பேட்டரியையும் ஒரு சின்னத் தராசில் வைத்தார். 5000 என்று எழுதிய பழையதைவிட 7000 என்று எழுதிய புதியது எடை குறைவு! ஊதினால் எடை குறையாது, உள்ளே சரக்கே அவ்வளவுதான் என்றார்.

அதைவிடக் கொடுமை ஒன்று. பேட்டரியில் சூட்டை அளந்து போனுக்குச் சொல்ல ஒரு சின்ன உணர்வி இருக்குமாம். சூடு ஏறினால் போன் தானாகவே சார்ஜை நிறுத்தி, ஆறட்டும் என்று எச்சரிக்கை காட்டும். பழைய பேட்டரி இருந்தபோது எனக்கே இரண்டு மூன்று தடவை அந்த எச்சரிக்கை வந்திருக்கிறது, அதைத்தான் நான் பெரிய தொல்லை என்று நினைத்தேன். புது பேட்டரியில் அந்த உணர்வி இருக்கும் இடத்தில், எந்த நேரமும் ஒரே அளவைக் காட்டும் வேறு ஒரு துண்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். தோசைக்கல்லாகக் கொதிக்கும்போதும் "எல்லாம் சௌக்கியம்" என்று போனுக்குத் தகவல் போயிருக்கிறது. என்னை ஏமாற்றியது போதாது என்று என் போனையும் ஏமாற்றியிருக்கிறார்கள். தங்க ஸ்டிக்கரைப் பார்த்துச் சேவை மையத் தம்பி சிரித்தே விட்டார். சார்ஜரில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இல்லை, தூக்கிப் பார்த்தால் காலிப் பெட்டி மாதிரி கனமே இல்லை.

பெரிய கம்பெனிக்கே பேட்டரி சறுக்கியதுண்டு. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்து, உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள், விமானத்தில்கூட ஏற்றவிடவில்லை. ஆனால் அவர்கள் திரும்பப் பெற்றார்கள். என் ஆள் கும்பிடு அனுப்பினார்.

ஊதிய பேட்டரியைச் சேவை மையத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். படம் மட்டும் எடுத்து என் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தோடு நேற்று கடைக்குப் போனால், அம்மா பெயர் சொன்ன அதே தம்பி, முகத்தைக்கூடப் பார்க்காமல், "பேட்டரி எங்கக்கா? பொருள் இல்லாம எப்படி வாரண்டி பார்க்கிறது? வேற கடையில திறந்துட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்ல" என்கிறார். விசிட்டிங் கார்டைக் காட்டினேன். "இதுல கடை முத்திரை இல்லையே." எழுதியது அவர் கை! சத்தம் போட்டேன். கவர் வாங்க வந்த இரண்டு பேர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

380 வெள்ளி ஒரு பக்கம். திரை மாற்ற இன்னும் 450 ஆகும். நாற்பது பேருடைய அளவுப் படங்கள், கழுத்து டிசைன் எல்லாம் அந்தப் போனுக்குள் பத்திரமாக இருக்கின்றன, திறக்கத்தான் வழி இல்லை. வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை. வேண்டாம், அதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், வீட்டில் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் போடப் போகிறேன். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. ரசீது இல்லாவிட்டாலும் வங்கியில் காசு போன பதிவு இருக்கிறது, எந்தப் பெயருக்குப் போனதோ அந்த ஆளையே கேட்கட்டும்.

சரி, விளக்கமாக எழுதுகிறேன் என்றேன். மாமியார் போனில் ஒரு விரலால் தட்டுகிறேன், கண் எரிகிறது, இவ்வளவுதான் முடியும். துணி, மெத்தை, தலையணை மேல் சார்ஜ் போடாதீர்கள், தரையோ மேசையோ போதும். சூடானால் கவரைக் கழற்றுங்கள், உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள், ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் நின்ற காரில் போனை விடாதீர்கள். எண்பது விழுக்காடு வந்தால் எடுத்துவிடலாம், நூறு வரை ஏற்றி ராத்திரி முழுக்க விடத் தேவையில்லை. திரை எழும்பினால் அமுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அதே சைஸில் அதிக எம்ஏஎச் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் கடை முத்திரை வாங்குங்கள், உங்கள் அம்மாவைத் தெரியும் என்று சொன்னால் இரண்டு ரசீது வாங்குங்கள்.

என்னிடம் தீபாவளிக்கு அளவு கொடுத்தவர்கள் சனிக்கிழமை காலை வந்து மறுபடி கொடுத்துவிட்டுப் போங்கள், இந்த முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன். என் பழைய எண்ணுக்கு அடிக்காதீர்கள், அது தொட்டி மண் ஒட்டியபடி அலமாரியில் கிடக்கிறது.