டீக்கு எது: ஸ்கோனா, வெல்ஷ் கேக்கா?

பிரிட்டனின் மாலைத் தேநீர் என்றாலே, அவன் அடுப்பில் (oven) சுடும் சிறு மெத்தென்ற ரொட்டியான ஸ்கோன்தான் முதலில் நினைவுக்கு வரும். வேல்ஸ்காரர்களைக் கேட்டால், கல்லில் சுடும் தட்டையான வெல்ஷ் கேக் என்பார்கள். என் ஓட்டும் அதற்கே.

காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. 225 கிராம் மைதாவுக்கு ஸ்கோனில் வெண்ணெய் சுமார் 50 கிராம், சர்க்கரை 25 கிராம்தான் சேரும். வெல்ஷ் கேக்கில் அதே மாவுக்கு வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 75 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கருப்பு உலர் திராட்சை, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். ஆக, ஸ்கோனை வெறுமனே தின்றால் சப்பென்றுதான் இருக்கும். ஜாமும் கெட்டியான கிளாட்டட் க்ரீமும் வந்தால்தான் களைகட்டும். அந்த க்ரீமும் லேசுப்பட்டதல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கார்ன்வாலில் செய்வதில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். அதையும் பக்கத்து டெவனில் ஜாமுக்கு அடியில் தடவுவார்கள், கார்ன்வாலில் ஜாமுக்கு மேலே. இந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. (சூடான ஸ்கோனில் க்ரீமை முதலில் வைத்தால் உருகி வழியும். அதனால் நான் கார்ன்வால் கட்சி.)

அவன் அடுப்பிலிருந்து இறக்கியதும் கையால் பிய்த்து, ஆவி பறக்கச் சாப்பிடும் ஸ்கோனுக்கு ஈடில்லை, சரி. ஆனால் காலையில் சுட்டது மாலைக்குள் வறண்டுவிடும். வெல்ஷ் கேக் டப்பாவில் போட்டால் சில நாள் தாங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான வட்டம். இரு பக்கமும் செம்பழுப்பு, விளிம்பு மட்டும் வெளிறியிருக்கும். சூட்டோடு சர்க்கரையில் புரட்டுவதால் மேலே நறநறக்கும், உள்ளே மணல் மணலாக உதிரும். வேல்ஸின் கார்டிஃப், ஸ்வான்சீ நகரச் சந்தைகளில் கண்ணெதிரே சுட்டுத் தருவார்கள்.

எக்கிள்ஸ் கேக்கையும் சிலர் சொல்வதுண்டு. அடுக்கு மாவுக்குள் திராட்சைப் பூரணம் நிறைந்த அது, டீக்குக் கொஞ்சம் கனம்தான்.

நம் வீட்டில் செய்வதென்றாலும் வெல்ஷ் கேக்தான் சுலபம். அவன் அடுப்பு வேண்டாம், தோசைக்கல் போதும். மைதாவில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து, விரல் பருமனைவிடக் குறைவாகத் திரட்டுங்கள். தோசைக்கு வைக்கும் தீ ஆகாது. மேலே கருகி நடுவில் மாவாகவே நிற்கும். சிறு தீயில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள்.

வேல்ஸில் வாங்கும் சைவர்கள் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முட்டை எப்படியும் இருக்கும். பழைய முறையில் செய்பவர்கள் வெண்ணெயோடு பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள்.