முழு முட்டையா, முட்டைப் பொடியா?

பறவைக் காய்ச்சலால் கோழிகள் அழிந்து, 2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டது. டென்மார்க்கிடம்கூட முட்டை கேட்டுப் பார்த்தார்கள். துருக்கியிலிருந்து கப்பலில் வந்தது. முழு முட்டையின் சுவையே தனி. ஆனால் உடையும், வழியெல்லாம் குளிர்ச்சியும் வேண்டும்.

பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டைதான் ரேஷன். அப்போது முட்டைப் பொடி அனுப்பி உதவியது இதே அமெரிக்காதான்! ஒரு பொட்டலம் 12 முட்டைக்குச் சமம். ஒரு கரண்டி பொடி, இரண்டு கரண்டி தண்ணீர், முட்டை தயார். கப்பலில் இடமும் மிச்சம். ஆம்லெட் ரப்பர் மாதிரி இருந்ததாம், சரி. ஆனாலும் தூரத்துப் பசிக்கு என் ஓட்டு பொடிக்கே. மஞ்சள் கரு உடையாமல் பொரிக்க மட்டும் முழு முட்டையை விட்டால் வழியில்லை.