வைஃபை பூஸ்டர் மாட்ட ஆளைக் கூப்பிடுகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

6,800 ரூபாய். போன் எடுக்காத கடைக்காரர் இன்று என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். அந்த ஆத்திரத்தோடு எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது மாடி வீடு. ஃபைபர் மோடம் கீழே ஹாலில், 100 எம்பிபிஎஸ் பிளான். எனக்கு ஆபீஸ் வேலை மாடி அறையில். மீட்டிங் நடுவில் படம் அப்படியே நின்றுவிடும். சாயங்காலம் ஆனால் கீழேயும் நெட் விட்டு விட்டுத்தான் வரும். பக்கத்துத் தெருவில் சிசிடிவி, கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே சொன்னேன்.

வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையில் போனோடு அறை அறையாக நடந்து பார்த்தார். நான் விசாரித்து வைத்திருந்த 12,000 ரூபாய் மெஷ் செட்டை (வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து ஒரே வைஃபையாக ஓடுகிற பெட்டிகள்) சொன்னதும் சிரித்தார். "வேஸ்ட்டுக்கா, அவ்வளவு செலவு பண்ணாதீங்க. ஒரு டூயல் பேண்ட் பூஸ்டர் போதும், 6,800-ல முடிச்சுத் தர்றேன்." விலை கூடின சாமானை வேண்டாம் என்கிற கடைக்காரரை யார்தான் நம்பமாட்டார்கள்? தொழில் தெரிந்த ஆள். நம்பிக்கையை எங்கே வாங்க வேண்டும் என்று தெரிந்த ஆள்.

மாட்டி முடித்து, தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டினார். 94. அதன் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். அங்கேயே யுபிஐயில் 6,800 ரூபாய் போட்டேன். பெட்டியை "வாரண்டி சீல் போடணும்" என்று எடுத்துக்கொண்டு போனார். பில் என்று தந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, மாடல் பெயரும் இல்லை.

மறுநாளே பழைய கதை. போன் செய்தால் "லைன் ஸ்லோக்கா, நெட் கம்பெனிக்குப் பேசுங்க". அப்புறம் "பையன் வருவான்". பையன் வரவில்லை. நேரில் போனால் "ஓனர் வெளியூர்". கடைசியில், "பாக்ஸ் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." பாக்ஸைப் பிரித்தது யார் தம்பி?

நேற்றிரவு என் மகள்தான் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் ஓரத்தில் 5ஜி என்று இருக்கிறது, வைஃபை குறியே இல்லை. 94-க்குக் கீழே எங்கள் நெட் கம்பெனி பெயர் இல்லை, ஒரு மொபைல் கம்பெனியின் பெயர்! அவர் காட்டியது தன் சிம்மின் வேகம். பூஸ்டரைக் கழற்றித் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். டூயல் பேண்டாம்! 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையிலும் ஓடினால்தான் அது டூயல் பேண்ட். ஒரே பேண்டில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற சாதனம், வேகத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். இந்த ரகம் ஆன்லைனில் ஆயிரத்து சொச்சம். நான் கொடுத்தது 6,800.

இன்று காலை நெட் கம்பெனி ஆள் வந்தார். மோடத்துக்கு வரும் ஃபைபர் வயர் ஷோகேஸின் காலுக்கும் சுவருக்கும் நடுவே மடங்கி நசுங்கியிருந்தது. வயரில் வரும் ஒளி சிக்னலின் பலத்தை மீட்டரில் வைத்துப் பார்த்தால் மைனஸ் 29. "மைனஸ் 27-க்குக் கீழ போனா நெட் நிக்காது மேடம்" என்று வயரை மாற்றினார், மைனஸ் 19 ஆனது. விட்டு விட்டு வந்தது அதனால்தான். எந்த பூஸ்டர் மாட்டினாலும் அது தீர்ந்திருக்காது. அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் விட்டு விட்டு வந்தால் குறை வைஃபையில் இல்லை, கம்பெனிக்குப் புகார் கொடுங்கள். ஸ்பீடு டெஸ்ட்டை உங்கள் போனில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, குறை உள்ள அறையிலேயே ஓட்டுங்கள். பெட்டியை வெளியே விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்துவிட்டேன். முக்கியமாக, மாடல் பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் உள்ள பில் கைக்கு வராமல் யுபிஐயில் விரல் வைக்காதீர்கள்.